ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாதவள்

அத்தியாயம் 14

காலை ஐந்தே முக்கால். வாசலில் நின்ற காரின் முன்கதவைத் திறந்து, சீட்டின் முதுகில் உள்ளங்கையை வைத்து அளந்துகொண்டிருந்தாள் நாத்தனார். அண்ணியின் இடுப்பு வளைவு எங்கே வந்து பதியுமோ அந்த இடத்தில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தாள். எடுத்தாள். இன்னும் அரைச் சுற்று சுற்றி மறுபடி வைத்தாள்.

“உட்காருங்க அண்ணி. முதல்ல உட்கார்ந்துட்டு அப்புறம் ரெண்டு காலையும் சேர்த்து உள்ள எடுங்க. ஒரு காலைக் கீழ வச்சுக்கிட்டுத் திரும்பாதீங்க.”

எட்டு மாதமாகக் கேட்கிற பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அண்ணி ஒப்பித்துவிடுவாள். ஆனாலும் புதிதாகக் கேட்பவள் போலத் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இப்படிச் சொல்லிக்கொண்டே இருக்கத் தனக்கென்று ஒருத்தி இருப்பதில் அவளுக்கு ஒரு சுகம்.

அந்த வீட்டில் அவளை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. நாத்தனார் ‘அண்ணி’ என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே அக்கம்பக்கத்துக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். தொழில் லிஃப்ட் ஆய்வு. ஆஸ்பத்திரி, அடுக்குமாடி, ஜவுளிக்கடை என்று எங்கே லிஃப்ட் இருந்தாலும் அதன் கயிறும் கதவும் பிரேக்கும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவள். பத்தொன்பது வருஷம். எட்டு மாதத்துக்கு முன் ஒரு லிஃப்டின் அடிக்குழியில் ஏணி வழுக்கி விழுந்து, முதுகெலும்பு டிஸ்க் பிதுங்கி, இனி நிமிர்ந்து நடப்போமா என்று கலங்கிக் கிடந்தவளை நிமிர்த்தியது நாத்தனாரின் இரண்டு கைகள். நாத்தனார் பிசியோதெரபிஸ்ட். தினமும் மாலை ஆறு மணிக்கு வந்துவிடுவாள். அண்ணியைக் குப்புறப் படுக்க வைத்து, அழுத்தி, நீவி, ஊரில் உள்ளதையெல்லாம் பேசி, சிரிக்க வைத்துவிட்டுத்தான் போவாள். வலி போய் மூன்று மாதம் ஆகிவிட்டது. ஆறு மணிப் பேச்சு மட்டும் நிற்கவில்லை.

போன வாரம்தான் அடிமேல் அடியாக இரண்டு செய்தி வந்தது. மண்டல அதிகாரி பதவி அண்ணிக்கு இல்லை, அவளுக்கு ஆறு வருஷம் ஜூனியரான ஒருவருக்கு என்பது ஒன்று. காரணம் கேட்டபோது டைரக்டர் மேஜையைப் பார்த்துக்கொண்டு, “உடம்பைப் பார்த்துக்கோங்க” என்றார். அவ்வளவுதான். அன்று மாலையே கணவர் இரண்டாவது செய்தியைச் சொன்னார். இரண்டு மாதத்துக்கு முன் இடுப்பெலும்பு முறிந்து பிளேட் வைத்திருக்கும் மாமியாரைத் தன்னால் இனி வைத்துக்கொள்ள முடியாது என்று பெரியவர், அதாவது கணவரின் அண்ணன், போன் செய்துவிட்டாராம். நாம்தான் அழைத்து வர வேண்டும். பதவிதான் இல்லையே, ஊர் ஊராகப் போகாமல் வீட்டோடு இருக்கப் போகிறவள்தானே என்று அண்ணி தானே சமாதானம் செய்துகொண்டு, சரி என்றாள்.

அழைத்து வரத்தான் இந்தப் பயணம். போக ஆறு மணி நேரம், வர ஆறு மணி நேரம்.

“அண்ணா, பர்ஸை எடு.”

கணவர் முனகிக்கொண்டே பின்பாக்கெட்டிலிருந்து பர்ஸை உருவினார். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எந்த ரசீதையும் கிழித்துப் போட மனசு வராது. அத்தனையும் சேர்ந்து அது குட்டித் தலையணை ஆகியிருந்தது. அதன்மேல் உட்கார்ந்து ஓட்டினால் ஒருபக்கம் சாய்ந்த படகு மாதிரி இருப்பார். நாத்தனார் பர்ஸை வாங்கிக் கதவுப் பெட்டியில் வைத்து, பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். கைக்கடிகாரத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு அலாரம் வைத்தாள்.

கார் கிளம்பியது.

முதல் அலாரத்துக்கு ஒரு டீக்கடை ஓரம் இறங்கி நடந்தார்கள். இரண்டாவது அலாரம் அடித்தபோது நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்க் ஒன்று வந்தது. கணவர் பாத்ரூம் பக்கம் போனார். நாத்தனார் இடுப்பில் கைவைத்துப் பின்னால் வளைந்து, “அஞ்சு நிமிஷம் நடங்க அண்ணி” என்றாள். அண்ணி காற்றடிக்கும் இடத்தைத் தாண்டி நடக்கும்போது போன் வந்தது.

டார்ச். அலுவலகத்தில் அவருக்கு அதுதான் பெயர். குழிக்குள் இறங்கினால் டார்ச் அடித்துக்கொண்டே பேசுவார். கேள்வி கேட்டே ஆளைக் கொல்வதால் அது ‘டார்ச்சர்’ என்பதன் பாதிதான் என்று சொல்பவர்களும் உண்டு. மண்டல அதிகாரி ஆனவர் அவர்தான். அண்ணி ஒரு நொடி தயங்கிவிட்டு எடுத்தாள். பதவியைக் கொடுத்தது வேறு யாரோ. இவர்மேல் எதற்குக் கோபம்?

டார்ச் சுற்றி வளைத்தார். ஒரு வாரமாகக் காரிலேயே அலைகிறாராம். முதுகு பிளக்கிறதாம். இத்தனை வருஷம் நீங்கள் எப்படி மேடம் சமாளித்தீர்கள், எனக்கு ஏதாவது வழி சொல்லுங்கள் என்றார்.

அண்ணி சொன்னாள். ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னாள். சீட்டை ஈசிசேர் மாதிரிச் சாய்க்காதீர்கள், கொஞ்சம் சாய்ந்திருந்தால் போதும். முட்டி இடுப்பைவிட மேலே ஏறக் கூடாது. ஸ்டியரிங்கை எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால் சீட்டை முன்னால் இழுங்கள், முழங்கை மடங்கியிருக்க வேண்டும். பெல்ட்டுக்குச் சற்று மேலே ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தரம் இறங்கி நடந்தே ஆக வேண்டும், ஊர் வந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டக் கூடாது. முக்கியமாக, இறங்கிய கையோடு டிக்கியைத் திறந்து, லிஃப்டைச் சோதிக்கிற எடைக்கல் பெட்டியைத் தூக்கிவிடாதீர்கள். நெடுநேரம் உட்கார்ந்த முதுகு அப்போதுதான் பிடித்துக்கொள்ளும்.

எதிர்முனையில் பேனா கீறும் சத்தம். எழுதிக்கொள்கிறார் போலிருக்கிறது. பிறகு டார்ச் பேசினார்.

“உங்களுக்குப் பெரிய மனசு மேடம். உங்க ஃபைல் என் டேபிளுக்குத்தான் வந்துச்சு. அந்த சர்டிபிகேட்டைப் பார்த்ததும் எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஒரு மணி நேரத்துக்கு மேல தொடர்ந்து உட்காரக் கூடாது, கார்ப் பயணத்தை நிரந்தரமாத் தவிர்க்கணும்னு போட்டிருக்கு. இவ்வளவு வலியையும் வெளிய காட்டாம இருந்திருக்கீங்களே.”

அண்ணி நடப்பதை நிறுத்தினாள்.

“யார் எழுதின சர்டிபிகேட்?”

“நீங்க எப்பவும் சொல்வீங்களே, உங்க நாத்தனார்னு. அவங்க பேர்லதான் இருக்கு. உங்க வீட்டுக்காரரே நேர்ல வந்து டைரக்டர்கிட்ட கொடுத்தாராம். நீங்களா சொல்லக் கூச்சப்படுவீங்க, கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம்னு சொன்னாராம்.” கொஞ்சம் இழுத்தார். “நானும் என் முதுகை அவங்ககிட்டயே காட்டலாமான்னு கேட்கத்தான் மேடம் போன் பண்ணேன்.”

தேதி என்ன போட்டிருக்கிறது என்று அண்ணி கேட்டாள். புரட்டிப் பார்த்துச் சொன்னார். ஐந்து வாரத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, அன்று காலையிலேயே வந்து சேர்ந்ததாக அலுவலக முத்திரையும் இருக்கிறதாம்.

“காட்டுங்க,” என்றாள் அண்ணி. “அவ கை நல்ல கை.”

போனை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். அந்த வெள்ளிக்கிழமை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அவள் பதவிக்கு மனுப் போட்டிருந்தது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அன்றுதான் பதவிக்கான பட்டியலில் தன் பெயர் முதலில் இருக்கிறது என்று அலுவலகத்தில் காதில் போட்டார்கள். யாரிடமும் சொல்லாமல் மாலை ஆறு மணி வரை பொத்திப் பொத்தி வைத்திருந்து, குப்புறப் படுத்தபடி தலையணைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு முதன்முதலில் நாத்தனாரிடம் சொன்னாள். மாதத்தில் இருபது நாள் ஊர் ஊராகப் போக வேண்டும், புதிதாக லிஃப்ட் வைக்கும் சின்ன ஊர்களையெல்லாம் நானே போய்ப் பார்ப்பேன் என்று சின்னப் பெண் மாதிரிப் பேசினாள். முதுகெலும்பின் இருபுறமும் இரண்டு கட்டைவிரல்கள் அழுத்திக்கொண்டிருந்தன. ஒரு இடத்தில்கூட அவை தடுமாறவில்லை. “கிடைக்கும் அண்ணி” என்றாள் நாத்தனார்.

காலையிலேயே எழுதிக் கொடுத்தாகிவிட்டது அப்போது.

இருபது அடி தள்ளி நின்ற நாத்தனார், நிற்காதீங்க, நடங்க என்று கையைக் காட்டினாள். அண்ணி நடந்தாள். காருக்கு வந்து, முதலில் உட்கார்ந்து, அப்புறம் இரண்டு காலையும் சேர்த்து உள்ளே எடுத்தாள். சொல்லிக்கொடுத்ததைச் சொன்னபடி செய்த தன் உடம்பின் மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

முக்கால் மணி நேரம் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணவரும் நாத்தனாரும் பேசிக்கொண்டு வந்தார்கள். திரும்பும்போது அம்மாவை எங்கே உட்கார வைப்பது என்று கணவர் கேட்டார். முன்சீட்டில்தான், சீட்டை நன்றாகப் பின்னால் தள்ளி, அடியில் கெட்டியான குஷன் போட வேண்டும், பிளேட் வைத்த இடுப்பு குழியில் அமுங்கக் கூடாது என்றாள் நாத்தனார். “நீங்க பின்னாடி என்கூட வாங்க அண்ணி. காலை நீட்டிக்கலாம்.”

குரலில் அதே அன்பு. அதுதான் அண்ணிக்குத் தாங்கவில்லை. நடிப்பாக இருந்தாலாவது வெறுத்துத் தொலைக்கலாம்.

“நான் கார்ல எவ்வளவு நேரம் உட்காரலாம்?” என்று கேட்டாள், திரும்பாமல்.

“இப்படி நடுநடுவுல இறங்கி நடந்தா நாள் பூரா உட்காரலாம். இப்ப உங்க முதுகு என் முதுகை விட நல்லா இருக்கு.” நாத்தனாருக்குத் தன் வேலையைப் பற்றி எப்போதும் ஒரு பெருமை உண்டு.

“அப்ப ஒரு மணி நேரத்துக்கு மேல உட்காரக் கூடாதுன்னு யாரைப் பத்தி எழுதின?”

கணவரின் கால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து தானாக எழும்பியது. வேகம் குறைந்து, பின்னால் வந்த லாரி ஹார்ன் அடித்துக்கொண்டே விலகிப் போனது.

“நான்தான் கேட்டேன். அவளை ஒண்ணும் சொல்லாதே,” என்றார் கணவர்.

அதற்கப்புறம் அவர் மடை திறந்த மாதிரிக் கொட்டினார். அம்மாவை வைத்துக்கொள்ள முடியாது என்று அண்ணன் போன வாரம் சொல்லவில்லை, ஐந்து வாரத்துக்கு முன்பே சொல்லிவிட்டார். கடையைப் பூட்டிவிட்டு அவரால் வீட்டில் இருக்க முடியாது. தங்கைக்குக் காலையிலிருந்து மாலை வரை கிளினிக். அண்ணியும் மாதத்தில் இருபது நாள் வெளியூர் போய்விட்டால் அம்மாவை யார் எழுப்பி உட்கார வைப்பது? கேட்டால் நீ ஒத்துக்கொள்ள மாட்டாய், சண்டை வரும். பதவி கிடைக்காமலே போய்விட்டால் யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை என்று நினைத்தோம்.

“யாருக்கும்னா?” என்றாள் அண்ணி.

அவர் ஹார்ன் அடித்து முன்னால் போன பஸ்ஸை முந்தப் பார்த்தார்.

“வண்டியை ஓரமா நிறுத்துங்க.”

நிறுத்தினார். அவள் இறங்கிப் போய்விடுவாள் என்று பயந்தவர் போல அவசரமாகத் தானும் இறங்கினார். அண்ணி காரைச் சுற்றி அவர் பக்கம் வந்தாள். “தள்ளுங்க. நான் ஓட்டறேன்.”

கணவர் ஜன்னல் கண்ணாடி வழியாகப் பின்சீட்டைப் பார்த்தார். ஓட்டலாமா என்று கேட்கிற பார்வை. இந்த நிமிஷத்திலும் இவளுடைய முதுகைப் பற்றி அவர் கேட்பது தங்கையைத்தான். நாத்தனார் குனிந்த தலையை நிமிர்த்தாமல், சரி என்று அசைத்தாள்.

அண்ணி சீட்டை ஒரு படி முன்னால் இழுத்தாள். சாய்வை நிமிர்த்தினாள். முழங்கை மடங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

ஓட்டும்போதுதான் அழுகை வந்தது. சாலை மங்காமல் இருக்கக் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி ஓட்டினாள். கணவர் செய்ததை அவளால் ஒருமாதிரி விளங்கிக்கொள்ள முடிந்தது. சண்டைக்குப் பயந்து எதையும் கொல்லைப்புறமாகவே செய்கிற மனிதர். அந்த வயிற்றெரிச்சல் பழகியதுதான். ஆனால் இவள்? எட்டு மாதம் தன் உடம்பையே இவள் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருந்தேனே. வலி எங்கே என்று இவளுக்குத்தானே தெரியும். வலி போனதும் இவளுக்குத்தானே தெரியும்.

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆள் வைத்துக்கொள்வோம் என்று சொல்லியிருக்கலாம். மாமியாரின் முகத்தை நினைத்து, தானே பதவியை விட்டுக்கொடுத்தும் இருக்கலாம். எது என்று இனி ஒருநாளும் தெரியப்போவதில்லை.

ஒன்றரை மணி நேரத்தில் அலாரம் அடித்தது. நாத்தனார் சட்டென்று அதை அமுக்கினாள். இறங்குங்க என்று சொல்ல வாய் வரவில்லை. அண்ணி தானாகவே ஒரு மரத்தடியில் நிறுத்தி, இறங்கி, தனியாக ஐந்து நிமிஷம் நடந்துவிட்டு வந்தாள். கோபத்துக்காக முதுகைப் பணயம் வைக்க அவள் தயாராக இல்லை.

பெரியவரின் வீட்டை அடைந்தபோது மணி ஒன்று. கூடத்தில் துணிப்பை, மாத்திரை டப்பா, வாக்கர் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துக்கொண்டு மாமியார் தயாராக உட்கார்ந்திருந்தார். ரயில் டிக்கெட் கவுண்டரில் முப்பது வருஷம் இருந்தவர். எதையும் இரண்டு வார்த்தையில் கேட்பார், இரண்டு வார்த்தையில் முடிப்பார். இன்று மட்டும் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

“எனக்காகப் பெரிய வேலையை வேண்டாம்னு சொல்லிட்டியாமே. பையன் சொன்னான். என் வயித்துல பொறந்தது கூட இப்படிச் செய்யாது.”

கணவர் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டார். நாத்தனார் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

ஆமாம் அத்தை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கிழவியின் மனசு நிறையும். தியாகி என்ற பட்டம் காலத்துக்கும் நிலைக்கும். அண்ணிக்கு அந்த வார்த்தை நாக்கு வரை வந்தது.

“நான் வேண்டாம்னு சொல்லல அத்தை,” என்றாள். “என்னைக் கேட்காமலே எடுத்துட்டாங்க.”

பிறகு உள்ளதைச் சொன்னாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. மாமியாரின் பிடி மெல்லத் தளர்ந்தது. மகனைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தார்.

“நீ எழுதினது பொய்யா?”

“ஆமாம்மா.”

“மாத்தி எழுதினா இவளுக்கு வேலை வருமா?”

பதில் சொன்னது அண்ணி. “தெரியாது அத்தை. வராமலும் போகலாம்.”

“இவளுக்கு?” மாமியார் மகளைக் காட்டினார்.

“பொய் சர்டிபிகேட் கொடுத்தேன்னு எழுதிக் கொடுத்தா, கிளினிக் நடத்தற உரிமை போயிடலாம்,” என்றாள் அண்ணி.

மாமியார் மாத்திரை டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் எந்தப் பக்கம் தீர்ப்புச் சொல்வார் என்று யாராவது எதிர்பார்த்திருந்தால் ஏமாந்துபோயிருப்பார்கள். “என்னைச் சாக்கு வச்சு இப்படிப் பண்ணிட்டீங்களே,” என்றார். “நான் எங்கயும் வரல. இங்கயே இருந்துக்கறேன்.”

பெரியவர் தரையைப் பார்த்தார். அவர் மனைவி சமையலறைக்குள் போய்ப் பாத்திரத்தை உருட்டினாள். அந்தச் சத்தத்தின் அர்த்தம் கூடத்தில் எல்லோருக்கும் புரிந்தது, மாமியாருக்கும் புரிந்தது. நிமிர்ந்தே இருக்கிற அந்தத் தலை மெல்லக் கவிழ்ந்ததை அண்ணியால் பார்க்க முடியவில்லை.

“கிளம்புங்க அத்தை,” என்றாள். “உங்களுக்கும் எனக்கும் நடுவுல ஒண்ணும் இல்ல. மத்ததை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்.”

சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காரைத் தயார்செய்ய வெளியே வந்தாள். முன்சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளி, குஷனை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது நிழல் விழுந்தது. நாத்தனார்.

“அது இன்னும் ஒரு விரல் உசரம் வேணும். முட்டி இடுப்பை விடத் தாழ்ந்து...” பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அண்ணி விலகி வழிவிட்டாள். இந்த வேலை இவளுக்குத்தான் நன்றாக வரும், உட்காரப் போகிறவர் இவளுடைய அம்மா. நாத்தனார் குனிந்து குஷனுக்கடியில் ஒரு போர்வையை மடித்துச் செருகினாள். நிமிரும்போது முகம் முழுக்க நனைந்திருந்தது.

“அன்னைக்கு சாயங்காலமே சொல்லிடலாம்னுதான் வந்தேன் அண்ணி. நீங்க அவ்வளவு சந்தோஷமாப் பேசினீங்க. எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

“அடுத்த நாளும் வந்தியே.”

“வந்தேன்.”

“முப்பது நாளுக்கு மேல வந்தே.”

நாத்தனார் கைப்பையைத் திறந்தாள். அம்மாவுக்குப் பயிற்சிகளை எழுதிக் கொடுக்க எடுத்து வந்திருந்த கிளினிக் லெட்டர்பேடை வெளியே எடுத்தாள். காரின் முன்மூடி மேல் வைத்து, காற்றில் பறக்காமல் இடதுகையால் அழுத்திக்கொண்டாள்.

“என்ன எழுதணும்னு சொல்லுங்க அண்ணி. அப்படியே எழுதறேன்.”

“அதையும் நான்தான் சொல்லணுமா?”

உள்ளே வாக்கர் தரையில் தட்டுகிற ஓசை கேட்டது. மாமியார் எழுந்துவிட்டார். அண்ணி அவரைத் தாங்கிக்கொள்ளப் படியேறினாள். வாசலில் ஒரு கணம் நின்று திரும்பிப் பார்த்தாள்.

நாத்தனார் தேதியை எழுதியிருந்தாள். அதற்குக் கீழே பேனா முனை தாளைத் தொட்டபடி அசையாமல் நின்றது.